பத்துப் பாகம் ஆழத்துக்கான பாடம்

இணையவழியில் படிக்கும் பாடத்திற்குப் பின்னாளில் புத்தகம் எஞ்சுவதில்லை. கைப்பேசி மாறி, கடவுச்சொல் மறந்து, பாடத்தை வழங்கிய செயலியும் வேறு வடிவம் பெற்றுவிட்ட பிறகு, படித்தவரிடம் தங்குவது அவர் தம் கைப்பட எழுதிவைத்த குறிப்புகள் மட்டுமே. முதுகில் சுமக்கும் உருளையில் அடைத்த காற்றைச் சுவாசித்தபடி நீருக்கடியில் உலவும் ஸ்கூபா மூழ்கலைக் கற்ற நாள்களிலிருந்து இக்கட்டுரையாளரிடம் எஞ்சியிருப்பதும் அத்தகைய கோடு போட்ட நோட்டு ஒன்றே ஆகும். அதன் இடப்பக்கத் தாள்களில் திரையில் கண்ட ஆங்கிலத் தொடர்கள் பார்த்து எழுதப்பட்டிருக்க, வலப்பக்கத்தில் அவற்றுக்கான தமிழ் விளக்கம் இடம்பெற்றுள்ளது. ஓரங்களில் உப்புநீர் பட்டு மை பரவிய இடங்களும் உண்டு. கடலைப் பற்றிய பாடம், கடலோசை எட்டாத நெல்வயல் ஊர் ஒன்றின் மொட்டைமாடியில், இரவு நேரங்களில் படிக்கப்பட்ட காலத்தையும், அதற்கும் முந்தைய பல காலங்களையும் அந்தத் தாள்கள் இன்றும் நினைவுக்குக் கொண்டுவருகின்றன.

புதுச்சேரி மாவட்டத்தின் ஐந்து கொம்யூன்களில், அதாவது பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற உள்ளாட்சிப் பிரிவுகளில், பாகூரும் வில்லியனூரும் வயலும் ஏரியுமாக அறியப்பட்டவை. தென்பெண்ணை ஆற்றின் நீரைப் பங்காரு வாய்க்கால் கொண்டுவந்து சேர்க்கும் பாகூர் ஏரியை நம்பியே அந்தப் பக்கத்து நெல்லும் கரும்பும் விளைந்தன. வில்லியனூருக்குச் சங்கராபரணி ஆறு அந்தப் பணியைச் செய்தது. நரம்பை, பனித்திட்டு போன்ற கடலோரச் சிற்றூர்கள் பாகூர் கொம்யூனுக்குள்ளேயே இருந்தபோதும், உள்ளூர் உழவர் வீடுகளுக்குக் கடல் அயலாகவே இருந்தது. மாசி மகத்தன்று தீர்த்தவாரிக்காக வண்டி கட்டிக்கொண்டு போகும் நாளைத் தவிர, அதுவும் பல வீட்டார் திருக்காஞ்சி ஆற்றங்கரையோடு நின்றுவிட, கடலைப் பார்ப்பதற்கென்று யாரும் போனதாகக் கட்டுரையாளருக்கு நினைவில்லை. பாகூர் வீடுகளுக்குக் கடல் வந்தது மீன்காரம்மாவின் அன்னக்கூடையில்தான்.

விடியற்காலை முதல் பேருந்தில் கடற்கரை ஊரிலிருந்து வந்து, தலைச்சுமையாகத் தெருத்தெருவாக விற்றுக்கொண்டு போன அந்த அம்மாள், திண்ணையில் கூடையை இறக்கியதும் முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கேட்பார். அதன் பிறகே விலை பேசுவார். எந்தக் காற்றுக்கு எந்த மீன் கரைக்கு நெருங்கும், வாடைக்காற்று அடிக்கும் நாளில் ஏன் கூடை வெறுமையாக இருக்கிறது, கொண்டல் திரும்பினால் என்ன கிடைக்கும் என்பனவெல்லாம் அவருடைய பேச்சில் தாமாக வந்து விழும். கட்டுரையாளரின் ஆயா, அதாவது பாட்டி, கடலில் கால் நனைத்ததே அரிது என்றாலும், சீலா, சங்கரா, களவா, பாரை என்று மீன்களை அவற்றின் கண்ணையும் செவுளையும் பார்த்தே பிரித்துச் சொல்லக் கற்றிருந்தது இந்தத் திண்ணைப் பள்ளியில்தான். ஒருநாள் அந்த மீன்காரம்மா, "கம்ப்யூட்டர்ல பாத்துட்டு, இன்னிக்கி அலை பெருசுன்னு மைக்குல சொல்லிட்டாங்க, அதான் எங்க ஊட்டுக்காரரு போவல" என்று சொன்னது, கணினியை அலுவலகப் பொருளாக மட்டுமே கேள்விப்பட்டிருந்த அந்த வீட்டில் பெரும் வியப்பாகப் பேசப்பட்டது.

அந்த வியப்புக்குப் பின்னால் வில்லியனூர் இருந்தது. சென்னையிலுள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ஆம் ஆண்டில் புதுச்சேரியின் சிற்றூர்களில் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியபோது, அதன் மைய நிலையம் வில்லியனூரில் அமைக்கப்பட்டது. இணைய இணைப்பும் தொலைபேசியும் அரிதாக இருந்த அக்காலத்தில், மையத்தில் திரட்டப்பட்ட செய்திகள் கம்பியில்லா ரேடியோ இணைப்பின் வழியாக ஊர்களிலிருந்த அறிவு மையங்களுக்கு அனுப்பப்பட்டன. மின்சாரம் தடைபட்ட இடங்களில் சூரிய ஒளித் தகடுகள் கைகொடுத்தன. நெல் விலை, அரசுத் திட்டங்கள், மருத்துவர் வரும் நாள் முதலியவற்றோடு, அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்ட அலை உயர முன்னறிவிப்பும் தமிழில் பெயர்க்கப்பட்டு, வீராம்பட்டினம் போன்ற மீனவ ஊர்களில் ஒலிபெருக்கி மூலம் அறிவிக்கப்பட்டது. தொலைவில் கணிக்கப்பட்ட ஒரு செய்தி வில்லியனூரில் தமிழாகி, கடற்கரை மணலில் நிற்கும் படகோட்டியின் காதில் விழுந்த அந்த ஏற்பாடு, கடல் சார்ந்த கல்வி திரை வழியாகவும் வரலாம் என்பதற்கு இப்பகுதி கண்ட முதற்சான்று எனலாம்.

அந்த ஒலிபெருக்கியின் மதிப்பு 2004 டிசம்பர் 26 அன்று முழுமையாகத் தெரிந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நல்லவாடு ஊர் இளைஞர் ஒருவர், ஆழிப்பேரலைச் செய்தியைத் தொலைக்காட்சியில் அறிந்து தம் வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்ல, ஊரார் அறிவு மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் எச்சரிக்கை விடுத்தனர்; வீடுகளையும் படகுகளையும் இழந்தபோதும் மக்கள் உயிரைக் காத்துக்கொண்டனர். அதன்பின் பல நாள்கள் பாகூர்த் தெருக்களில் மீன்காரம்மாவின் குரல் கேட்கவில்லை. அவர் மீண்டும் வந்த காலையில் ஆயா விலை பேசாமல் மீனை வாங்கியதும், வழக்கத்துக்கு மாறாக அவரை உள்ளே அழைத்துக் காபி கொடுத்ததும், கடலை அறிந்து வைத்திருப்பது உயிர் சார்ந்த செயல் என்ற எண்ணத்தைக் கட்டுரையாளரின் மனத்தில் ஊன்றிய காட்சிகளாகும்.

நீரில் இறங்கும் பழக்கம் மட்டும் அந்த ஊர்களில் அன்று மிகுதியாக இருந்தது. பம்ப்செட் கிணறுகளும் கோயில் குளங்களும் நீர் நிறைந்திருந்த காலத்தில், பிள்ளைகளின் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டியோ, வெட்டிய வாழைமரத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லியோ நீச்சல் பழக்கினர். பின்னாளில் சுரைக்குடுக்கையின் இடத்தை லாரி டியூப் பிடித்துக்கொண்டது. பெண்பிள்ளைகள் கிணற்றில் இறங்குவதை எல்லா வீட்டாரும் ஒப்பவில்லை எனினும், கட்டுரையாளரின் சித்தப்பா தம் மகனுக்கும் அண்ணன் மகளுக்கும் வேறுபாடு பார்க்காமல், இருவரையும் ஒரே கோடைவிடுமுறையில் கிணற்றுக்குள் இறக்கினார். நீந்தக் கற்றபின் அடுத்த விளையாட்டு மூழ்குதல்: சித்தப்பா வெள்ளைக் கூழாங்கல் ஒன்றை எறிவார், அது அடியைத் தொடுவதற்குள் அல்லது தொட்டபின் எடுத்துவர வேண்டும். நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, வாயை இறுக மூடி, கல்லைக் கைப்பற்றி மேலே வரும்வரை மூச்சை விடாதிருப்பதே அந்த விளையாட்டின் ஒரே விதி. கிணற்றில் விழுந்த வாளியையும் குடத்தையும் பாதாளக்கரண்டியால் எடுக்க இயலாதபோது வரவழைக்கப்படும் தூர் வாரும் பெரியவர், காது வலிக்கும் பிள்ளைகளிடம், "மூக்கைப் புடிச்சிக்கிட்டு மெல்ல ஊது, பாப்பா, காது தொறந்துக்கும்" என்று சொல்லிக்கொடுத்ததும் அங்கேதான்.

ஆழ்துளைக் கிணறுகள் பெருகி, திறந்த கிணறுகள் வற்றி, சில குப்பை கொட்டும் குழிகளாகிவிட்ட ஒரு காலத்தில், ஸ்கூபா பயிற்சி என்ற செய்தி கட்டுரையாளரை வந்தடைந்தது. புதுச்சேரி நகரில் டெம்பிள் அட்வென்ச்சர்ஸ் போன்ற பயிற்சி நிலையங்கள் கடலுக்குள் ஆள்களை அழைத்துச்செல்லத் தொடங்கியிருந்தன. கல்லூரி முடித்து வேலைக்குச் சென்றுகொண்டிருந்த கட்டுரையாளர், முதல் சம்பளங்களிலிருந்து சேமித்த பணத்தில் பயிற்சிக்குப் பெயர் பதிந்தார். "கெணறு பத்தாதா? பொம்பளப் புள்ள கடலுக்கு அடியில போயி என்னடி பாக்கப் போற?" என்று அம்மா கேட்டதற்கு வீட்டில் எவரும் பதில் சொல்லவில்லை, ஆயா மட்டும், "மீனு உசுரோட எப்படி இருக்குதுன்னு பாத்துட்டு வரட்டும்" என்றார்.

பெயர் பதிந்தவர் உடனே கடலுக்குள் இறங்கிவிடுவதில்லை. 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கப்பட்டு இன்று உலகெங்கும் பரவியுள்ள பாடி என்ற பயிற்சி அமைப்பின் அடிப்படைப் படிப்பாகிய ஓபன் வாட்டர் டைவர், மூன்று பகுதிகளைக் கொண்டது. முதலாவது, நீரழுத்தம், கருவிகள், சைகைகள், ஆபத்துகள் ஆகியவற்றைப் பற்றிய அறிவுப் பாடம். இரண்டாவது, நீச்சல்குளம் போன்ற காப்பான நீரில் செய்யும் பயிற்சி. மூன்றாவது, கடலில் பயிற்றுநருடன் நான்கு முறை மூழ்குதல். முற்காலத்தில் அறிவுப் பாடம் அச்சுப் புத்தகமும் ஒளிநாடாவும் வகுப்பறையுமாக இருந்தது. இப்போது பெரும்பாலோர் அதனை இணையவழியில், தத்தம் வீட்டிலிருந்தே முடித்துவிட்டுப் பயிற்சி நிலையத்துக்கு வருகின்றனர். அறிவுப் பாடத்தின் ஐந்து பிரிவுகளையும் படித்து, ஒவ்வொன்றின் இறுதியிலும் கேட்கப்படும் வினாக்களுக்கு விடையளித்து, முடிவில் ஐம்பது வினாக்கள் கொண்ட தேர்வில் குறைந்தது 75 விழுக்காடு பெற்றால் அந்தப் பகுதி நிறைவுறும். அதற்கும் முன்பாக, ஆஸ்துமா, காது அறுவை, இதயநோய் முதலியவற்றைக் கேட்கும் மருத்துவப் படிவத்தை நிரப்ப வேண்டும்; அந்தப் படிவத்தை வரிக்குவரி தமிழில் சொல்லக் கேட்ட பிறகே அம்மாவுக்கு இந்தப் படிப்பின் மீது ஓரளவு நம்பிக்கை பிறந்தது.

மலிவு விலையில் இணையம் கைப்பேசிக்கு வந்துவிட்ட காலமாதலால், ஒரு காலத்தில் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குப் பணம் கட்டிக் காத்திருந்தது போன்ற தொல்லை இல்லை. ஆயினும் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காததால் பாடம் மொட்டைமாடிக்கு ஏறியது. வெயில் தணிந்து, வடகம் காயவைத்த சேலையை அம்மா சுருட்டி எடுத்துச்சென்ற பின், தண்ணீர்த் தொட்டியின் அருகில் அமர்ந்து படிப்பது வழக்கமாயிற்று. தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்த ஒருவருக்கு, பழக்கமில்லாத உச்சரிப்பில் வேகமாகப் பேசும் காணொளி முதல் முறையில் பிடிபடவில்லை. ஆனால் திரைப்பாடத்துக்கு ஒரு பெருங்குணம் உண்டு. எத்தனை முறை கேட்டாலும் அது சலித்துக்கொள்வதில்லை. நிறுத்தி, பின்னோக்கி நகர்த்தி, ஒரு தொடரை நோட்டில் எழுதி, அகராதியில் தேடி, அதன் எதிரே தமிழில் விளக்கம் எழுதியபின் அடுத்த தொடருக்குச் செல்லும் உரிமையை எந்த வகுப்பறையும் கட்டுரையாளருக்கு அதற்குமுன் தந்ததில்லை. விடை தவறினால், எந்தப் பக்கத்தில் அந்தப் பொருள் இருக்கிறதோ அந்தப் பக்கத்துக்கே பாடம் திருப்பி அனுப்பியது. அருகில் சிரிப்பவர் எவரும் இல்லை. காணொளியில் மீன் கூட்டம் வரும்போதெல்லாம் ஆயா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நெருங்கி வந்து, திரையில் வேறு பெயரால் அழைக்கப்பட்டவற்றைத் தமக்குத் தெரிந்த பெயரால் அழைத்தார்; பாராகூடா என்று காணொளி சொன்னதைச் சீலா என்று அவர் திருத்தியது நோட்டிலும் ஏறியிருக்கிறது.

அந்தப் பாடங்களுள் மிகுதியான பக்கங்களை எடுத்துக்கொண்டது மூச்சைப் பற்றிய பாடமே. கடல்மட்டத்தில் நம் உடலின் மீது ஒரு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. நீருக்குள் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் மேலும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் இருமடங்கானால் வாயுவின் பருமன் பாதியாகும் என்பது பாயில் விதி. 1662இல் வெளியிடப்பட்ட இவ்விதியைப் பாகூர்ப் பள்ளி மாணவர்களும் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தனர். ஆனால் அது தம் நுரையீரலைப் பற்றிய விதி என்று எவரும் அன்று எண்ணியதில்லை. மேற்பரப்பில் இழுத்த மூச்சோடு கிணற்றில் மூழ்குபவரின் நுரையீரல் கீழே சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்குத் திரும்பிவிடுவதால் அவருக்குத் தீங்கில்லை. பத்து மீட்டர் ஆழத்தில் உருளையிலிருந்து நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தவரோ, அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அந்தக் காற்று இருமடங்காக விரிந்து நுரையீரலையே கிழித்துவிடக்கூடும். ஆகவே ஸ்கூபாவின் தலையாய விதி, எந்த நிலையிலும் மூச்சை அடக்கக்கூடாது என்பதாகும். சித்தப்பாவின் கிணறு கற்பித்த ஒரே விதியை இந்தப் படிப்பு தலைகீழாக்கியது. இரண்டும் தத்தம் இடத்தில் சரியானவை என்பதைக் காரணத்தோடு விளங்கவைத்ததே திரைப்பாடம் செய்த பேருதவி.

காதைப் பற்றிய பாடமும் அவ்வாறே பழைய நினைவைத் திறந்தது. நடுச்செவியிலுள்ள காற்று நீரழுத்தத்தால் சுருங்கும்போது செவிப்பறை உள்நோக்கி இழுபட்டு வலிக்கிறது; மூக்கை மூடிக்கொண்டு மெல்ல ஊதினால் தொண்டைக்கும் செவிக்கும் இடையிலுள்ள குழாய் திறந்து அழுத்தம் சமமாகிறது. பதினெட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இதனை விளக்கிய இத்தாலிய மருத்துவர் வால்சால்வாவின் பெயரால் பாடம் குறித்த அந்த முறையைத் தூர் வாரும் பெரியவர் எந்த நூலையும் படிக்காமல் சொல்லித்தந்திருந்தார். அவர் சொல்லாத ஒன்றைப் பாடம் சேர்த்தது: வலி வந்தபின் ஊதுவது காலம் கடந்த செயல், இறங்கும்போது வலிக்கு முன்னரே, அடிக்கடி, மென்மையாக ஊத வேண்டும், வலித்தால் சற்று மேலேறி மீண்டும் முயல வேண்டும்.

நோட்டில் முழுப்பக்கத்துக்குக் கட்டம் போட்டு எழுதப்பட்டிருப்பது டைவ் டேபிள் எனப்படும் மூழ்கல் அட்டவணை. காற்றில் ஐந்தில் நான்கு பங்காக உள்ள நைட்ரஜன், அழுத்தம் மிகுந்த ஆழத்தில் இரத்தத்திலும் தசைகளிலும் கரைகிறது. விரைந்து மேலே வந்தால், மூடியைத் திறந்த சோடாவில் எழுவது போலக் குமிழ்களாகி, மூட்டுவலி முதல் கைகால் செயலிழப்பு வரை உண்டாக்குகிறது. எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால் இடையில் நிற்காமல் மேலே வரலாம் என்பதைச் சொல்வதே அட்டவணையின் பணி. பிரிட்டிஷ் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன், ஆடுகளை அழுத்த அறையில் வைத்து ஆராய்ந்து 1908இல் இதற்கு அடித்தளமிட்டார்; பின்னர் அமெரிக்கக் கடற்படையின் அட்டவணைகள் நெடுங்காலம் வழக்கில் இருந்தன. வில்லியனூர் வழியாக அலை உயரத்தை அனுப்பிய அதே கடற்படையின் உழைப்பு வேறொரு வழியில் பாகூர் மாடிக்கும் வந்து சேர்ந்திருந்தது. 1988இல் பொழுதுபோக்கு மூழ்குநர்களுக்காக வெளிவந்த பாடி அட்டவணையின்படி 18 மீட்டர் ஆழத்தில் முதல் மூழ்கலுக்கான எல்லை 56 நிமிடம். 30 மீட்டரில் அது 20 நிமிடமாகக் குறைகிறது. அடிப்படைப் படிப்பு முடித்தவர் போகக்கூடிய எல்லையும் 18 மீட்டரே. இரு கைகளையும் அகல விரித்த நீளத்தைப் பாகம் எனக் கொண்டு ஆழத்தை அளக்கும் மீனவர் கணக்கில் அது ஏறத்தாழப் பத்துப் பாகம். நோட்டில் 18 மீட்டர் என்ற இடத்தின் எதிரே அவ்வாறே குறிக்கப்பட்டுள்ளது.

நீச்சல்குளத்துக்குச் சென்ற நாளில், திரையில் கற்றதன் வலிமையும் எல்லையும் ஒருசேர விளங்கின. பயிற்றுநர் முதலில் திரைப்பாடத்திலிருந்து சில வினாக்களைக் கேட்டு, படித்தது நினைவில் உள்ளதா என்று உறுதிசெய்துகொண்டார். பின்னர் 200 மீட்டர் நீந்தவும், பத்து நிமிடம் மிதக்கவும் சொன்னார். கிணற்றில் வளர்ந்தவர்களுக்கு அவை எளியவை. உருளைக் காற்றை நீரழுத்தத்துக்கு ஏற்ற அளவில் வாய்க்குத் தரும் ரெகுலேட்டர் என்ற கருவியை நீருக்குள் வாயிலிருந்து எடுத்து, மீண்டும் பொருத்தும் பயிற்சிதான் புதியது. ஜாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் காஞானும் 1943இல் பிரான்சில் உருவாக்கிய கருவியின் வழித்தோன்றலாகிய அது வாயை விட்டு விலகியதும், உதடுகள் பழைய கிணற்று வழக்கப்படி இறுகி மூட முற்பட்டன. பயிற்றுநர் எதிரே மண்டியிட்டு, தம் உதடுகளிலிருந்து சிறு குமிழ்களைத் தொடர்ந்து விட்டுக்காட்டி, கட்டுரையாளரும் அதேபோல் விடும்வரை கண்ணெடுக்காமல் காத்திருந்தார். காரணத்தைத் திரை சொல்லியிருந்தது. பழக்கத்தை மாற்ற எதிரே ஓர் ஆள் வேண்டியிருந்தது. முகக்கண்ணாடியில் புகுந்த நீரை மூக்கால் ஊதி வெளியேற்றுவதும், உடன் மூழ்குபவரின் மாற்றுக் குழாயிலிருந்து சுவாசிப்பதும், காற்றடைக்கும் சட்டையால் மேலும் கீழும் போகாமல் இடைநீரில் நிற்பதும் அந்த ஆசிரியரின் கையசைவிலும் பொறுமையிலும்தான் கைவந்தன.

கடலில் இறங்கிய இடம், கரையிலிருந்து ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள டெம்பிள் ரீஃப் என்ற செயற்கைத் திட்டு. மணல் பரந்த கடலடியில் மீன்களுக்குப் புகலிடமாகும்படி, கான்கிரீட் கட்டைகள், பாறைகள், மரங்கள், பனையோலைகள் ஆகியவற்றை இறக்கி 2013 முதல் வளர்க்கப்பட்டது அது. படகிலிருந்த மூத்த மீனவர், ஓலைகளையும் மரங்களையும் கடலில் இறக்கி மீன்களைக் கூடச்செய்யும் பழக்கம் தம் முன்னோரிடமும் இருந்ததைச் சொல்லிவிட்டு, நீரின் நிறத்தை ஒருமுறை பார்த்து, "தண்ணி தெளிவாத்தான் கீது, பாப்பா. பயப்படாம எறங்கு" என்றார். கைப்பேசியில் பார்த்துவந்த அலை முன்னறிவிப்பும் அன்று அதையே சொல்லியிருந்தது. ஆனால் நெஞ்சுப் படபடப்பைத் தணித்தது அவருடைய சொல்தான்.

கயிற்றைப் பிடித்தபடி காதுகளைச் சமன்செய்துகொண்டு இறங்க இறங்க, சிவப்பு முதலில் மறைந்தது. நீர் சிவப்பொளியை முதற்சில மீட்டர்களிலேயே உறிஞ்சிவிடுகிறது என்று பாடம் சொல்லியிருந்தாலும், அன்னக்கூடையில் செக்கச்செவேலென்று கிடந்த மீன்களையே பார்த்துப் பழகிய கண்களுக்கு, அதே இன மீன்கள் அங்கே சாம்பல் நீலமாய்ப் பாறையோரத்தில் நின்றது பெரும் வியப்பாக இருந்தது. பயிற்றுநர் கைவிளக்கின் ஒளியைப் பாய்ச்சியதும் அவற்றின் சிவப்பு ஒரு கணத்தில் திரும்பியது. சீலா மீன்களின் கூட்டம் மேலே வெள்ளிக் கம்பிகளாக வளைந்து சென்றது. தாம் இழுத்துவிடும் மூச்சின் ஓசையைத் தவிர வேறெதுவும் தெளிவாகக் கேட்கவில்லை. ஏறும்போது ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற இடம் கொடுத்து, அதன் பிறகே மேற்பரப்புக்கு வந்தனர். அன்று மாலை, மீன் உயிரோடு எப்படி இருந்தது என்று கேட்ட ஆயாவிடம் நிறம் மாறிய செய்தியைச் சொன்னபோது, அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "அப்ப நாம பாக்குறது செத்த நெறந்தானா?" என்று கேட்டார். அதற்குப் பாடப்பகுதியில் விடை இருக்கவில்லை.

அந்த நாள்களுக்குப் பின் பலவும் மாறிவிட்டன. அட்டவணையைக் கணக்கிடும் வேலையை மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. அட்டவணையையே கற்காமல் படிப்பை முடிப்பவர்களும் இப்போது உண்டு. கொரோனா முடக்கத்தின்போது பாகூர்ப் பிள்ளைகள் எல்லோரும் மொட்டைமாடிக்கு ஏறி வகுப்புகளைக் கவனித்தனர். ஒரு கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொண்ட வீடுகளும், கைப்பேசியே இல்லாத வீடுகளும் அன்று கண்ணுக்குத் தெரிந்தன. மீன்காரம்மாவின் இடத்தில் ஐஸ் பெட்டி வைத்த இருசக்கர வண்டி வருகிறது. அதை ஓட்டிவருபவர் திண்ணையில் அமர்வதில்லை. கிணற்றுக்குள் பிள்ளைகளை இறக்கும் சித்தப்பாக்களும் இல்லை. நீச்சல் இப்போது நகரத்தில் கட்டணம் செலுத்திக் கற்கும் கலை. திரைப்பாடம் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும், நீரில் ஒருமுறையும் மிதந்தறியாத உடலுக்கு அது பாதிக் கல்வியாகவே நின்றுவிடும் என்பதைக் கட்டுரையாளர் தம் அனுபவத்திலிருந்து உறுதியாகச் சொல்ல முடியும்.

எனினும் இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் கல்லைக் காலில் கட்டி, மூச்சை அடக்கி முத்தெடுத்த மரபு நூற்றாண்டுகள் பழமையானது. சுறாக்களைக் கட்டுவதாக நம்பப்பட்ட கடல்கட்டி என்பவர் கரையில் மந்திரம் ஓதியபின்பே குளியாளிகள் இறங்கிய காலமும் இருந்தது. 1961ஆம் ஆண்டோடு தூத்துக்குடியின் முத்துக்குளிப்பு நின்றுபோக, சங்கு குளிப்பு தொடர்ந்தது. அத்தொழிலில் பலர் படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே வரும் காற்றைச் சுவாசித்து ஆழத்தில் நெடுநேரம் உழைக்கின்றனர். அவர்களிடையே மூட்டுவலியும் கைகால் முடக்கமும் அறியப்பட்ட தொழில்நோய்களாக உள்ளன. விடுமுறைக்கு வந்து ஒருநாள் கடலடியைப் பார்த்துச் செல்பவருக்கு நைட்ரஜன் குமிழைப் பற்றிய முழு அத்தியாயம் கைப்பேசியில் கிடைக்க, ஒவ்வொரு நாளும் அந்த ஆழத்திலேயே பிழைப்பவருக்கு அது அவருடைய மொழியில் கைக்கெட்டாமல் இருப்பது ஏற்கத்தக்கதன்று. கட்டுரையாளர் நோட்டின் வலப்பக்கத்தில் எழுதியது ஒரு தனியாள் தமக்காகச் செய்துகொண்ட வேலை; அது கடற்கரை இளைஞர் அனைவருக்குமாகச் செய்யப்பட வேண்டிய வேலை.

அதற்கு வேண்டிய முன்மாதிரிகள் இப்பகுதியிலேயே உள்ளன. அயல்மொழியில் வந்த அலைக் கணிப்பை அன்றன்று தமிழாக்கி, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் எட்டும்படி ஒலிபெருக்கியில் சொன்ன வில்லியனூர் ஏற்பாடு ஒன்று. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரிலிருந்த வித்யாஸ்தானம் என்னும் கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்களின் வருவாய் விடப்பட்டதைக் கூறும் பாகூர்ச் செப்பேடு மற்றொன்று. கற்பவர் கல்வியில் மட்டும் கருத்தூன்றும்படி மூன்று ஊர்களின் விளைச்சலை ஒதுக்கிய மண்ணுக்கு, கடலடி மூழ்கலின் அறிவுப் பாடத்தைத் தமிழில் பேசும் காணொளிகளாக்கி, ஆழத்தைப் பாகத்திலும் மீட்டரிலும் குறித்து, மீன்களுக்கு மீனவர் வழங்கும் பெயர்களைச் சேர்த்து, கட்டணமின்றித் தருவது பெருஞ்செலவாகாது. அதனோடு ஒவ்வொரு கொம்யூனிலும் பிள்ளைகள் நீந்தக் கற்கும்படி ஒரு குளத்தையாவது தூர்வாரிக் காக்க வேண்டும். நீருக்குள் எதிரே மண்டியிட்டுக் குமிழ் விட்டுக்காட்டும் ஆசிரியர்களை அந்த ஊர் இளைஞர்களிலிருந்தே உருவாக்க வேண்டும். காரணத்தைத் திரையும் பழக்கத்தை ஆசிரியரும் தருவதாக அமையும் அந்தக் கல்வி, கடலைப் பார்க்க வருபவருக்குக் கிடைப்பதற்கு முன்னரே கடலில் பிழைப்பவருக்குக் கிடைப்பதே முறையாகும்.